நடுவர் தீர்ப்பே இறுதியானது

2018 செப்டம்பர் 15ஆம் தேதி டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில் கபடிப் போட்டி ஒன்று நடக்க வேண்டியிருந்தது. கோப்பை கிடையாது, பரிசுப் பணம் கிடையாது. நடத்தச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். ஒரு பக்கம், அப்போதுதான் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போய்வந்திருந்த இந்திய அணி. இன்னொரு பக்கம், ‘தேர்வு ஒழுங்காக நடக்கவில்லை, திறமையானவர்களை விட்டுவிட்டார்கள்’ என்று வழக்குப் போட்ட தரப்பின் அணி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி. யார் நல்ல அணி என்பதை வாய்தா வாங்கிப் பேசிக்கொண்டிருப்பதைவிடக் கோட்டைக் கிழித்து ஆடியே பார்த்துவிடலாம் என்பது எவ்வளவு எளிமையான, எவ்வளவு கிராமத்துத்தனமான யோசனை!

வழக்குப் போட்டவர்கள் வந்தார்கள். ஆசிய விளையாட்டுக்குப் போன அணி வரவில்லை.

இதை எங்கள் ஊர் எழுமலையில், ராத்திரி மேட்ச் பார்க்க உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருமுறை சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியவர் யோசிக்கவே இல்லை. “வராட்டி என்னப்பா, வந்தவெய்ங்களுக்கு வாக் ஓவர் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான?” என்றார். அவர் பார்வையில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. எங்கள் பக்கம் மின்னொளி கபடிப் போட்டிக்கு அடிக்கும் ஒவ்வொரு நோட்டீஸிலும் அது இருக்கும். குறித்த நேரத்தில் களத்துக்கு வராத அணி தோற்றதாகக் கருதப்படும். அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், நடுவர் தீர்ப்பே இறுதியானது. அதற்கும் கீழே நுழைவுக் கட்டணம்.

ஆனால் டெல்லியில் நடந்தது வாக் ஓவரில் முடிகிற விஷயம் இல்லை. நடுவர் யார் என்பதே அங்கே தகராறு.

*

கபடி வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜல்லிக்கட்டு, சக்கர வியூகம், சங்க காலம் என்று தொடங்குவார்கள். அங்கே நான் போகவில்லை. எனக்கு ஆர்வம் தாள்களில். விதிகளை எழுதிய தாள், சங்கம் பதிவு செய்த தாள், சான்றிதழ். சடுகுடு என்றும் ஹுதூது என்றும் ஊருக்கு ஒரு பெயரோடு ஆடப்பட்டதை, எத்தனை பேர், எவ்வளவு நீளம், எப்போது அவுட் என்று வரையறுத்தது போன நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்து உடற்பயிற்சிக் கழகங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து போன குழு ஒன்று இதை ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு வந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு. 1990இல் பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து 2014 வரை நடந்த ஏழு ஆசிய விளையாட்டிலும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான். நம்ம ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். ‘பைசன்’ படம் வந்த பிறகு அவரை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இல்லை.

இந்த வருடங்கள் முழுக்கக் கூட்டமைப்பு என்றால் ஒரு பெயர்தான், ஜனார்தன் சிங் கெலாட். ராஜஸ்தான் அரசியல்வாதி. பல்லாண்டுகள் இந்தியக் கூட்டமைப்பின் தலைவர், கூடவே சர்வதேசக் கூட்டமைப்பின் தலைவரும் அவரே. இந்தியத் தலைவர் பதவியை விட்டு இறங்கியபோது அவருக்கு ‘ஆயுள் தலைவர்’ பட்டம். தலைவர் நாற்காலியில் அவருடைய மனைவி. முன்னாள் வீரர் ஒருவர் நீதிமன்றம் போனார். 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த இரண்டு ஏற்பாடும் செல்லாது என்று சொல்லி, நிர்வாகி ஒருவரை நியமித்தது. அந்தச் சூட்டிலேயே அணி ஜகார்த்தா போனது. அரையிறுதியில் ஈரானிடம் 27-18 என்று ஆண்கள் தோற்றார்கள். 28 வருடத்தில் முதன்முறையாகத் தங்கம் இல்லை. பெண்கள் இறுதிவரை போய் அதே ஈரானிடம் 27-24 என்று தோற்றார்கள். திரும்பி வந்தால் செப்டம்பர் 15 காத்திருக்கிறது.

அவர்கள் ஏன் வரவில்லை என்பதை ஆடுகிறவன் இடத்தில் இருந்து பார்த்தால் புரிந்துகொள்ள முடிகிறது. தோற்றால் மானம் போகும். ஜெயித்தால் கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் காத்திருந்தவர்கள் பக்கமிருந்து பாருங்கள். வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை, கமிட்டி இல்லாமல், சிபாரிசு இல்லாமல், களத்தில் மட்டும் தீர்மானமாகும் ஒரு வாய்ப்பு. அதுவும் எதிரே ஆள் இல்லாமல் போய்விட்டது.

*

அடுத்த ஆண்டு மே மாதம் புதுக் கடை திறந்தது. நியூ கபடி ஃபெடரேஷன் என்ற அமைப்பின் பெயரில் இண்டோ இன்டர்நேஷனல் பிரீமியர் கபடி லீக். எட்டு அணிகள். புனே, மைசூரு, பெங்களூருவில் ஆட்டம். வருமானத்தில் 20 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு என்று அறிவித்தார்கள். சென்னை சேலஞ்சர்ஸ் என்று ஒரு அணி இருந்தது, பாண்டிச்சேரி பெயரிலும் ஒன்று. பெங்களூரு ரைனோஸ் கோப்பையை வாங்கியது. ஜூலையில் வழக்கம்போல் புரோ கபடி தொடங்கியது. எங்கள் ஊரில் முன்னதைப் பற்றிய பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

2014இல் தொடங்கிய புரோ கபடி எங்கள் பக்கம் என்ன செய்தது என்பதை ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடியவர்கள் மேட் வாடகைக்கு எங்கே கிடைக்கும், ஷூ என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பாடிப் போறவன் ரைடரானான். தொடையைத் தட்டுவதற்குக்கூட டிவி பார்த்து ஒரு ஸ்டைல் வந்தது. 2017இல் தமிழ் தலைவாஸ் வந்தபோது, உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் வரைக்கும் பையன்களுக்கு ஒரே கனவு. தலைவாஸில் இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ரயில்வேயிலோ போலீஸிலோ கிடைத்தால் போதும். இந்தப் பின்பாதியை டிவியில் யாரும் காட்டுவதில்லை. எங்கள் ஊரில் கபடி என்பது முதலில் வேலை, அப்புறம்தான் விளையாட்டு. கோட்டா, சான்றிதழ், படிவம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீதம் என்பது, பத்தாம் வகுப்பில் கணக்கில் தடுமாறும் பையனுக்கும் தெரிந்த கணக்கு.

அதனால்தான் “எந்த சங்கம்?” என்ற கேள்வி, வெளியூர்க்காரர்களுக்கு நிர்வாகச் சலிப்பாகத் தெரிவது, எங்களுக்கு வயிற்றுப் பிரச்சனை.

*

நான் வேலை பார்ப்பது மென்பொருளில். எங்கள் துறையில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஸ்ப்ளிட் பிரெயின். ஒரே தரவை வைத்திருக்கும் இரண்டு சர்வர்களுக்கு நடுவே தொடர்பு அறுந்துவிட்டால், இரண்டுமே ‘நான்தான் தலைவன்’ என்று நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கோளாறும் இருக்காது. இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும், இரண்டும் ரசீது கொடுக்கும். தொடர்பு திரும்ப வரும்போதுதான் தெரியும், யாரோ ஒருவருடைய ரசீது செல்லாது என்று. பணம் கட்டியவர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். அவர் கட்டிய கவுன்ட்டர் தப்பான கவுன்ட்டர், அவ்வளவுதான்.

இப்படி ஒரு ராத்திரி டிப்ளாய்மென்ட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, உலகத்தில் வேறெங்கே விளையாட்டுச் சங்கங்கள் இப்படிப் பிரிந்து அடித்துக்கொண்டன என்று தேட ஆரம்பித்தேன். போய் நின்ற இடம் 1884, அமெரிக்காவின் நியூ ஜெர்சி. அமெரிக்கர்களே மறந்துபோன அமெரிக்கன் கப்.

நியூவர்க் நகரத்தில் அந்த வருடம் அமெரிக்கன் ஃபுட்பால் அசோசியேஷன் என்ற சங்கம் தொடங்கப்படுகிறது. உடனே கோப்பைப் போட்டி. பெயரில்தான் அமெரிக்கா, நடைமுறையில் நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் நியூ இங்கிலாந்தின் ஆலை நகரங்களும்தான். முதல் மூன்று வருடமும் கோப்பையை வென்றது ஒரே அணி, கிளார்க் ஓ.என்.டி. ஓ.என்.டி. என்றால் என்ன என்று பார்த்தேன். ‘எங்கள் புதிய நூல்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். தையல் நூல் பிராண்டின் பெயர்! ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியிலிருந்து வந்த கிளார்க் குடும்பத்தின் நூல் ஆலை. ஆலையோடு கூடவே வந்த தொழிலாளர்கள், தொழிலாளர்களோடு கூடவே வந்த பந்து.

பெய்ஸ்லி என்று படித்ததும் எனக்கு வேறொன்று தட்டியது. அதே ஊரின் இன்னொரு நூல் குடும்பம் கோட்ஸ். 1896இல் கோட்ஸும் கிளார்க்கும் ஒன்றாகின. மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆலையைப் பழைய ஆட்கள் ஹார்வி மில் என்பார்கள். பெயர்ப் பலகையில் மதுரா மில்ஸ். 1974இல் அது கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. எங்கள் வீட்டுத் தையல் மிஷின் டிராயரில் கிடந்த நூல்கண்டுகளுக்கும், அமெரிக்காவின் முதல் கால்பந்துக் கோப்பைக்கும் ஒரே ஊர்தான் பூர்வீகம். இதனால் எதுவும் நிரூபணமாகவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் அந்த ராத்திரி தூக்கம் போய்விட்டது.

அமெரிக்கன் கப் கதை கபடிக் கதைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். 1894இல் பேஸ்பால் முதலாளிகள் சிலர் சேர்ந்து, குளிர்காலத்தில் மைதானம் சும்மாதானே கிடக்கிறது என்று, சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் கால்பந்து லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் அசோசியேஷன் என்ன செய்தது? அங்கே ஒப்பந்தம் போட்டவனுக்கு எங்கள் கோப்பையில் இடமில்லை என்றது. லீக் சில வாரங்களில் மூடப்பட்டது. முதலாளிகளுக்கு பேஸ்பால் இருந்தது. நடுவில் மாட்டியவர்கள் நூல் ஆலைக்காரர்கள்.

பிறகு 1899லிருந்து சில வருடம் கோப்பையே நடக்கவில்லை. 1906இல் மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்குள் ஊர் வளர்ந்துவிட்டது, சங்கம் அதே சிறு வட்டத்துக்குள் இருந்தது. 1911இல் நியூயார்க்கில் போட்டிச் சங்கம் ஒன்று உருவானது, அமெரிக்கன் அமெச்சூர் ஃபுட்பால் அசோசியேஷன். பெயரைக் கவனியுங்கள். ஒரு ‘அமெச்சூர்’ கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஊரில் ஒரே தெருவில் இரண்டு கபடிக் குழு இருந்தால், இரண்டாவது குழுவின் பெயரில் ‘நண்பர்கள்’ என்ற வார்த்தை நிச்சயம் இருக்கும். அந்த மாதிரி.

1912இல் ஸ்டாக்ஹோமில் ஃபிஃபா மாநாடு. அமெரிக்காவின் பெயரில் இரண்டு தரப்பு. அமெச்சூர் சங்கத்தின் தாமஸ் கேஹில் கப்பலேறி நேரில் வந்து நின்றார். பழைய சங்கத்துக்காகப் பேசியவர் அமெரிக்கரே இல்லை, இங்கிலாந்துச் சங்கத்தின் செயலாளர் ஃபிரெட்ரிக் வால். ஃபிஃபா இரண்டு பேரையும் ஏற்கவில்லை. ஊருக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்றது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று இரண்டு வகையறா மோதிக்கொண்டால், தாசில்தார் சமாதானக் கூட்டம் போடுவார். இரண்டு தரப்பும் வந்து உட்காரும். தாசில்தார் யாருக்கும் தீர்ப்பு சொல்ல மாட்டார். “பேசி முடிச்சுட்டு வாங்க, அதுவரைக்கும் கோயில் பூட்டு” என்பார். பூட்டுதான் அவருடைய ஒரே ஆயுதம். ஃபிஃபாவிடம் இருந்ததும் அதுதான்.

அமெரிக்கர்கள் பேசினார்கள். பழைய சங்கம் இழுத்தடித்தது. இதற்கிடையே அமெச்சூர் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். 1913 ஏப்ரலில் நியூயார்க்கில் ஐக்கிய அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு பிறந்தது, ஆகஸ்டில் ஃபிஃபாவின் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. உடனே புதிய கோப்பை, நேஷனல் சேலஞ்ச் கப். 1914 மே மாதம் ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில் முதல் இறுதிப்போட்டி. புரூக்ளின் ஃபீல்ட் கிளப், புரூக்ளின் செல்டிக்கை 2-1 என்று வென்றது. பாடக்கெட்டும் ஓர் ஆலை நகரம்தான் என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை. அந்தக் கோப்பை இன்றுவரை யு.எஸ். ஓபன் கப் என்ற பெயரில் நடக்கிறது.

பழைய அமெரிக்கன் கப் அன்றைக்கே செத்துவிடவில்லை. 1924 வரைக்கும், பத்து வருடத்துக்கு மேல், அதுவும் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருந்தது. பென்சில்வேனியாவின் பெத்லஹேம் ஸ்டீல் மாதிரிப் பெரிய அணிகள் இரண்டிலும் ஆடின, இரண்டையும் வென்றன. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தலைமைச் சண்டை மேலே முடிந்த பிறகும், இரண்டு கோப்பைகளிலும் ஆடுகிறவனுக்குத் தடையில்லாமல் போன ஒரு சின்னக் காலம்.

நீடிக்கவில்லைதான். 1928இல் அமெரிக்கன் சாக்கர் லீக் தன் அணிகள் சேலஞ்ச் கப்பில் ஆடக்கூடாது என்றது. பெத்லஹேம் ஸ்டீல் உட்பட மூன்று அணிகள் மீறின, லீக் அவர்களை வெளியேற்றியது. கூட்டமைப்பு பதிலுக்கு லீக்கையே தள்ளிவைத்துவிட்டுப் போட்டி லீக் ஒன்றை உருவாக்கியது. அடுத்த வருடம் சமாதானம். அந்த மாதமே பங்குச் சந்தை விழுந்தது. சீக்கிரமே பெத்லஹேம் ஸ்டீல் அணியும் இல்லை.

*

என் சித்தப்பா மகன் ஒருவன் கபடி ஆடுவான். பெயர் வேண்டாம். இடது மூலையில் கணுக்காலைப் பிடிப்பதில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. 20 வயதில் ஓர் அமைப்பு அவனை ‘மாநில அணி’க்கு எடுத்தது. வடக்கே ஒரு ஊரில் ‘தேசிய’ப் போட்டி. ரயில் டிக்கெட், ஜெர்ஸி, பதிவு எல்லாம் சேர்த்து அவன் பங்குக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். சித்தி தண்டலுக்கு வாங்கிக் கொடுத்தார். இந்தக் கட்டுரையில் பெயர் வருகிற எந்தச் சங்கமும் அது அல்ல. அதன் பெயரைச் சொல்லி இப்போது ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஆடினான். அரையிறுதிவரை போனார்கள். சான்றிதழ் வந்தது. தங்க நிற விளிம்பு, அசோகச் சக்கரம் மாதிரி ஒன்று, மூன்று கையெழுத்து. ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டினார்கள். அதே சான்றிதழைக் கழற்றி எடுத்துக்கொண்டு போலீஸ் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனான். எழுத்தில் தேறியிருந்தான், உடல்தகுதியில் தேறியிருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார். “தம்பி, இந்த சங்கம் லிஸ்ட்ல இல்லையேப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணி குடிக்கிறியா என்றுகூடக் கேட்டாராம்.

ராத்திரி எனக்கு போன் போட்டான்.

“அண்ணே, நான் ஆடுனது பொய்யாண்ணே?”

“இல்லடா.”

“எதுத்தாப்ல ஆடுனவெய்ங்க நெசம்தான? முட்டி பேந்தது நெசம்தான? அப்புறம் எதுண்ணே பொய்யி?”

ஸ்ப்ளிட் பிரெயின் பற்றியெல்லாம் அவனிடம் நான் சொல்லவில்லை. சித்தி தண்டல் அடைத்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது.

அமெரிக்கன் கப்பைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதுதான். வரலாற்றில் கேஹில் இருக்கிறார், வால் இருக்கிறார், கோப்பை தானமாகக் கொடுத்த விஸ்கி முதலாளி தாமஸ் டூயர்கூட இருக்கிறார். 1894இல் லீக்கில் ஒப்பந்தம் போட்டுவிட்டு, சில வாரத்தில் லீக் மூடிய பிறகு, ஆலை ஷிப்டுக்குத் திரும்பிப் போன ஆட்டக்காரன் வெறும் எண்ணிக்கையில்தான் இருக்கிறான்.

*

சங்கங்களே வேண்டாம், ஆடுகிறவன் ஆடட்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நகரத்தில் வேலை இருப்பவன் பேசுகிற பேச்சு அது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியை ஞாபகப்படுத்துகிறேன். இந்தியாவும் ஈரானும் 28-28. முடிய ஒரு நிமிடம் சொச்சம். பவன் செராவத் ரைடுக்குப் போகிறார். யாரையும் தொடாமலே பக்கவாட்டு லாபிக்குள் போய்விடுகிறார், பின்னாலேயே ஈரான் தடுப்பாட்டக்காரர்களும் விழுகிறார்கள். இப்போது யார் அவுட்? பழைய விதிப்படி லாபிக்குள் போன தடுப்பாட்டக்காரர்களும் அவுட். புதிய விதிப்படி ரைடர் மட்டும் அவுட். இரண்டு விதியும் அந்த அரங்கத்துக்குள் புழங்கிக்கொண்டிருந்தன. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. தீர்ப்பு மாறியது, மறுபடி மாறியது, இரண்டு அணியும் மாறி மாறிக் களத்தில் உட்கார்ந்துகொண்டன. கடைசியில் இந்தியாவுக்கு 3, ஈரானுக்கு 1. 33-29 என்று தங்கம் வந்தது. ஊரில் வெடி போட்டார்கள், நானும் கத்தினேன். ஆனால் ஒரே புத்தகம் இல்லாவிட்டால் ஆட்டம் எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு மணி நேரம் நேரலையில் காட்டியது. சங்கம் இல்லாத கபடி என்பது முடிவே இல்லாத அந்த ஒரு மணி நேரம்தான்.

அதனால் ஒரு சங்கம் வேண்டும். ஒன்றுதான் வேண்டும். ஆனால் ஒன்றே ஒன்று இருந்தபோதுதானே ஆயுள் தலைவரும் வந்தார்?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீதிமன்றத்திடம் இருந்த பதிலும் மெதுவாகத்தான் வந்தது. 2018இல் போட்ட நிர்வாகி ஏற்பாடு வருடக்கணக்கில் நீண்டது. 2023 டிசம்பரில் தேர்தல் நடந்தது, ஆனால் ஜெயித்தவர்கள் கையில் பொறுப்பு வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நடத்தவில்லை என்று சொல்லி சர்வதேசக் கூட்டமைப்பு இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. தாசில்தாரின் பூட்டு! ஈரானில் நடக்க இருந்த பெண்கள் ஆசியப் போட்டிக்குப் போக முடியாது என்ற நிலையில், இரண்டு வீராங்கனைகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில், 11ஆம் தேதிக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. அடுத்த மாதம் டெஹ்ரானில் நம் பெண்கள் ஈரானையே 32-25 என்று வென்று கோப்பையோடு வந்தார்கள். ஒருவேளை அந்த இரண்டு பெண்களும் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்திருந்தால்? நிர்வாகிகள், வக்கீல்கள், கூட்டமைப்புகள் எல்லாம் சேர்ந்து பல வருடமாகப் பிரிக்க முடியாத முடிச்சு, ஆடுகிறவர்கள் ‘நாங்கள் ஆட வேண்டும்’ என்று போய் நின்றபோதுதான் அசைந்தது. அந்த ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விளையாட்டு வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயம் வரும் என்கிறது சட்டம். நல்லது. வந்ததும் பார்ப்போம்.

உலக அளவில் நிலைமை இன்னும் வேடிக்கை. 2020 பிப்ரவரியில் லாகூரில் நடந்த வட்டக் கபடி உலகக் கோப்பையில் ‘இந்திய அணி’ ஒன்று போய் ஆடியது. நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்று இங்கே அமைச்சகமும் கூட்டமைப்பும் சொல்லிக்கொண்டிருந்தபோதே அது இறுதிப்போட்டி வரை போய் பாகிஸ்தானிடம் 43-41 என்று தோற்றது. யாரும் அனுப்பாத அணி இரண்டே புள்ளியில் உலகக் கோப்பையை விட்டது! 2025 மார்ச்சில் வேர்ல்ட் கபடி என்ற அமைப்பு இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடத்தியது. ஆண்கள், பெண்கள் இரண்டிலும் இந்தியாவே ஜெயித்தது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் கபடிக் கூட்டமைப்பின் பெண்கள் உலகக் கோப்பை டாக்காவில் நடந்தது. அதிலும் இந்தியா, சீன தைபேயை 35-28 என்று வென்றது. ஒரே வருடத்தில் பெண்களுக்கு இரண்டு உலகக் கோப்பை, இரண்டும் இந்தியாவுக்கு.

சித்தப்பா மகன் இப்போது டாடா ஏஸ் ஓட்டுகிறான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கண்மாய்க் கரையை ஒட்டிய இடத்தில் பதினோரு பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறான். காசு வாங்குவதில்லை. டாக்கா செய்தி வந்த அன்று, மார்ச்சிலும் நாமதானே ஜெயிச்சோம், இது எதுக்கு இன்னொன்னு என்று ஒன்பதாவது படிக்கும் பிள்ளை கேட்டதாம். இவன் சொன்னானாம், “கேள்வி கேக்காம ஆங்கிள் ஹோல்டு போடு.”

ஆனால் கேள்வியை அவன் விடவில்லை. வெளியூர்ப் போட்டிக்குக் கூப்பிட்டு யார் விண்ணப்பம் நீட்டினாலும், முதலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறான். நான் மத்திய அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியல், மாநிலச் சங்கத்தின் பெயர், மாவட்டச் சங்கத்தின் முத்திரை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ‘கட்டலாம்’ அல்லது ‘வேணாம்’ என்று பதில் போட வேண்டும். போன வாரம் ஒன்று வந்தது. சங்கத்தின் பெயரில் ‘அமெச்சூர்’ இருக்கிறது, ‘நியூ’ இல்லை, பதிவு எண் இருக்கிறது, செயலாளர் கையெழுத்து இருக்கிறது, ஆனால் முத்திரையில் ஊர் பெயர் மட்டும் வேறாக இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இரண்டு முறை போன் செய்து கேட்டுவிட்டான். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்டா என்றிருக்கிறேன்.